அம்மாவின் ரிப்போர்ட்டில் விடுபட்ட ஒரு வரி

மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களுக்கும் நோயியல் துறைத் தலைவர் அவர்களுக்கும்,

வணக்கம். புற்றுக்காக என் அம்மாவின் வலது நுரையீரலில் மேல் மடலை உங்கள் மருத்துவர்கள் எடுத்து ஒன்பது வாரம் ஆகிறது. ஆபரேஷனில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஐந்தாம் நாளே அம்மா எழுந்து கேன்டீன் வரை நடந்தார். என் மனத்தாங்கல் அப்புறம் வந்த ரிப்போர்ட்டைப் பற்றித்தான்.

'அடினோகார்சினோமா, 2.8 செ.மீ. நிணநீர்க் கணுக்களில் புற்று இல்லை.' அவ்வளவுதான். கட்டி நுரையீரல் உறைக்குள் ஊடுருவியிருக்கிறதா என்று ஒரு சொல் இல்லை. உங்களுக்குத் தெரியாததா? ஊடுருவவில்லை என்றால் அது நிலை 1ஏ. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக் கவனித்தால் போதும். ஊடுருவியிருந்தால் அதே 2.8 செ.மீ. கட்டி 1பி, ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவைப் பார்த்து, அதில் மாற்றம் இருந்தால் மூன்று வருட ஒசிமெர்டினிப் மாத்திரையைப் பற்றிப் பேச வேண்டும். எத்தனை கணுக்களைப் பார்த்தீர்கள் என்றும் எழுதவில்லை. இரண்டைப் பார்த்துவிட்டு 'இல்லை' என்பதும் பன்னிரண்டைப் பார்த்துவிட்டு 'இல்லை' என்பதும் ஒன்றா? அந்த வரியை எழுதிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சரி, வெளியில் பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மாவின் கட்டித் துண்டுகளைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்குகளைக் கேட்டேன். கவுன்ட்டரில் கடிதம் கேட்டார்கள். கடிதத்துக்குக் கையெழுத்து வேண்டும். கையெழுத்துப் போடுபவர் விடுப்பில். பதினாறாம் நாள் பழுப்பு உறையில் மூன்று பிளாக் கைக்கு வந்தன. வெளியே வந்து வெயிலில் பிடித்து எண்ணைப் பார்த்தால், ஒன்று வேறு யாருடையதோ. திருப்பிக் கொடுத்தபோது ஊழியர் "அப்படியா?" என்று வாங்கி மேசை மேல் வைத்தார். அந்த யாரோவின் பிள்ளை எந்த வரிசையில் நிற்கிறாரோ.

ரேஷனில் ஒரு கிலோ சர்க்கரை வாங்கினால் நான் படியிறங்குமுன் செல்பேசிக்குக் கணக்கு வந்துவிடுகிறது. நுரையீரலில் ஒரு மடலையே கொடுத்துவிட்டு வந்தவருக்கு ஒன்றரை வரி.

இந்த மாத்திரைக்கு ஆதாரமான அடாரா ஆய்வில், கீமோ எடுக்காதவர்களை ஆபரேஷன் முடிந்து 10 வாரத்துக்குள் சேர்த்தார்கள். கீமோ எடுத்தவர்களையும் சேர்த்து, 1பி முதல் 3ஏ வரை இருந்த எல்லோரிலும், ஐந்தாண்டு முடிவில் மாத்திரை எடுத்தோரில் நூற்றுக்கு 88 பேர் உயிரோடிருந்தார்கள். எடுக்காதோரில் 78 பேர். 2024 பட்ஜெட்டில் இந்த மாத்திரைக்கான சுங்க வரியை நீக்கினார்கள். ஆனாலும் எங்களால் வாங்க முடியுமா என்பது தனிக்கதை. அதற்கு யாரைக் கேட்பது, அரசையா, கம்பெனியையா, வங்கியையா? மன்னிக்கவும், அது உங்களிடம் கேட்க வேண்டியதில்லை.

உங்களிடம் கேட்பது இதுதான். அம்மாவின் மூன்றாவது பிளாக்கைத் தேடி எடுத்து, நுரையீரல் உறையைத் தெளிவாகக் காட்டும் எலாஸ்டிக் ஸ்டெயின் என்ற சாயம் போட்டு, ஊடுருவல் உண்டா இல்லையா, எத்தனை கணு என்று எழுதித் தாருங்கள். தயவுசெய்து இந்த வாரத்துக்குள். வேறு யாருக்கும் போயிருந்தால் அவர்களையும் கூப்பிட்டுச் சொல்லுங்கள். என்னிடம் உள்ளவை ஏ, பி. காணாமல் போனது சி.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகன்