மேல்மாடி மியூவோன் கருவிக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

அன்புடையீர்,

திருகோணமலை உவர்மலையில் ஒரு வீட்டு மேல்மாடியில் மியூவோன் (இலத்திரனைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனத்த நுண்துகள்) எண்ணும் கருவி இப்போது இரவு பகலாக ஓடுகிறது. விண்ணிலிருந்து வரும் கதிர்கள், பெரும்பாலும் புரோத்தன்கள், 15 கிலோமீற்றர் உயரமளவில் காற்றில் மோதிச் சிதறுகின்றன. அந்தச் சிதறலில் பிறக்கும் பயோன்கள் என்ற அற்பாயுள் துகள்கள் உடைந்துதான் மியூவோன்கள் வருகின்றன. கடல்மட்டத்தில் சதுர சென்ரிமீற்றருக்கு நிமிடத்துக்கு ஒன்று விழும். அவற்றை எண்ணுவது கஷ்டமில்லை. எண்ணிக்கை கூடிக் குறைவது வானத்தாலா வீட்டாலா என்று பிரித்தறிவதுதான் பெரிய வேலை. அதில் உதவியவர்களுக்கே இந்த மடல்.

றேடியோ திருத்தும் கடை அண்ணைக்கு முதல் நன்றி. 20 சென்ரிமீற்றர் சதுரமும் 1 சென்ரிமீற்றர் தடிப்பும் கொண்ட இரண்டு ஒளிர்வுத் தகடுகள், ஒன்றின் மேல் ஒன்று. மியூவோன் கடந்தால் உள்ளே மங்கலாக ஒரு நீல மினுக்கம். அதை 6 மில்லிமீற்றர் சிலிக்கன் உணரி பிடிக்கும். வெள்ளைத் தாள், அலுமினியத் தாள், மேலே கறுப்பு ரேப் இரண்டு சுற்று என்று மூடினாலும் வயர் வெளியேறும் மூலையில் வெளிச்சம் புகுந்துவிடும். இருட்டறையில் ரோச் லைற்றை மூலை மூலையாகப் பிடித்து, எண்ணிக்கை துள்ளிய இடத்தை அண்ணைதான் கண்டுபிடித்தார். ஒரு தகட்டில் மட்டும் வரும் துடிப்புகளில் பெரும்பகுதி உணரியின் சொந்த இரைச்சல். ஆகவே இரண்டும் சேர்ந்து துடித்தால் மட்டுமே கணக்கில் சேர்க்கிறோம்: நிமிடத்துக்கு 300 அளவில்.

கிடுகு வேய்ந்து நிழல் போட்டுத் தந்த மாமாவுக்கு நன்றி. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேல்மாடி அடுப்பாகக் கொதிக்கும். ஒரு பாகை வெப்பம் ஏறினால் உணரி கேட்கும் மின்னழுத்தம் 20 மில்லிவோல்ட் அளவு ஏறும். அதைக் கொடுக்காவிட்டால் மத்தியானத்தில் எண்ணிக்கை சரியும், பழி சூரியன்மேல் விழும். உப்புக்காற்றில் மின்சுற்றின் ஊசிமுனைகள் பச்சை பூக்காமல் இருக்க நகப்பூச்சுத் தடவச் சொன்ன அக்காவையும் மறக்கவில்லை.

தண்ணீர்த் தாங்கிக்கு நேர்கீழே இருந்த கருவியை நகர்த்த இடம்விட்ட வீட்டுக்காரருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. 1 மீற்றர் தண்ணீரைக் கடக்க மியூவோன் 200 மெகா இலத்திரன்வோல்ட் அளவு சக்தியை இழக்கும். சக்தி மெலிந்தவை அங்கேயே நின்றுவிடும். காலையில் எல்லோரும் குளித்து முடிய எண்ணிக்கை கூடினால் அது விண்வெளிச் செய்தியல்ல.

காற்றழுத்தத்தை விடாமல் பார்க்கச் சொன்ன ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயாவுக்குத் தனி நன்றி. நம் பகுதியில் அழுத்தம் காலை 10 மணிக்கும் இரவு 10 மணிக்கும் ஏறி, அதிகாலை 4 மணிக்கும் பிற்பகல் 4 மணிக்கும் இறங்கும்; வித்தியாசம் 3 ஹெக்ரோபஸ்கால் அளவு. ஒரு ஹெக்ரோபஸ்கால் ஏறினால் மியூவோன் 0.1 முதல் 0.2 சதவீதம் குறையும். ஒரு மணித்தியாலத்தில் கிடைக்கும் 18,000 எண்ணிக்கையில் தற்செயல் ஏற்ற இறக்கமே 0.75 சதவீதம், எனவே தனி நாளில் இது தெரியாது. ஒரே மணித்தியாலத்தை 30 நாளுக்கு அடுக்கிக் கூட்டினால் 0.14 சதவீதமாகச் சுருங்கி, இரட்டை அலை எட்டிப் பார்க்கும். வாடைக்காலத் தாழமுக்கம் வந்தால் எண்ணிக்கை ஏறுவதற்கும் இதுவே காரணம்.

நாம் காந்த நடுக்கோட்டை ஒட்டி இருக்கிறோம். 17 கிகாவோல்ட் அளவுக்குக் குறைந்த விறைப்புள்ள (காந்தத்தால் எளிதில் வளையாத தன்மைதான் விறைப்பு) துகள்களைப் பூமியின் காந்தப்புலம் திருப்பிவிடும். சூரியத் துகள்களில் ஏறக்குறைய எல்லாம் அதற்குள் அடங்கும், ஆகவே அவை நம்மை எட்டா. நாம் காத்திருப்பது போர்புஷ் இறக்கத்துக்கு: சூரியனிலிருந்து வீசப்பட்ட காந்த மேகம் பூமியைக் கடக்கையில் விண்கதிர்கள் சில நாட்களுக்குக் குறைவது. ஒப்பிட்டுப் பார்க்கத் தரவுகளைத் திறந்து வைத்திருக்கும் பின்லாந்தின் ஊலு, தாய்லாந்தின் டோய் இந்தனோன் ஆகிய இடங்களில் விண்கதிர் மோதலில் பிறக்கும் நியூத்திரன்களை எண்ணும் நிலையத்தாருக்கும் நன்றி. அவர்களுடைய நேரம் உலகப் பொதுநேரம், நமது கடிகாரம் அதைவிட 5½ மணித்தியாலம் முன்னே ஓடுகிறது என்று பிழையைப் பிடித்த தம்பிக்கும்.

பதிவுகளில் நேரம், எண்ணிக்கை, அழுத்தம், பெட்டியின் வெப்பம் என நான்கு நிரல்கள் உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பென் டிரைவ் கொண்டுவந்தால் முழுவதையும் தருவோம்.

நன்றியுடன்,
கருவி வேலையில் இருக்கும் நாங்கள்
திருகோணமலை