ஊராட்சித் தலைவர்களுக்குப் பயிற்சி வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும்,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியை. பணி ஓய்வுக்குப் பின் எங்கள் ஒன்றியத்தைச் சேர்ந்த பெண் ஊராட்சித் தலைவர்கள் சிலரோடு அமர்ந்து ஊராட்சிச் சட்டத்தையும் ஊராட்சிக் கணக்குகளையும் சேர்ந்து படித்து வந்திருக்கிறேன். அந்தப் பழக்கத்திலிருந்து எனக்கு உறுதிப்பட்ட ஒரு கருத்தை, தமிழ்நாட்டில் இத்தலைவர்களுக்கான பயிற்சியைத் திட்டமிடுவோரும் நடத்துவோருமாகிய உங்கள் முன் வைப்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் நாளோடு முடிந்து, அந்த ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்புக்குச் சென்றன. புதிதாகப் பொறுப்புக்கு வருவோரில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பதை 2016இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம் உறுதி செய்திருக்கிறது. ஏறத்தாழ 12,500 ஊராட்சிகள் உள்ள மாநிலத்தில் இது ஆயிரக்கணக்கான பெண்களைக் குறிக்கிறது. அவர்களுள் பலர் ஒரு கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய அனுபவம்கூட இல்லாமல் அந்த நாற்காலிக்கு வருவார்கள். பொறுப்பேற்றதும் அவர்களுக்குத் தரப்படும் குறுகிய அறிமுக வகுப்பில் திட்டங்களின் பெயர்களும் படிவங்களும் பதிவேடுகளும் சொல்லித் தரப்படுகின்றன. அவை தேவையானவைதான். ஆனால் தலைமை ஏற்பவர் தம்மையும் தம் ஊரையும் தாமே படித்து அறியும் முறை அங்கே கற்றுத் தரப்படுவதில்லை. அதைக் கற்றுத் தர முடியும் என்பதும், மற்றப் பாடங்கள் மனத்தில் நிற்பதற்கே அது தேவை என்பதும் என் கருத்து.

பொறுப்பேற்ற சில மாதங்களில் ஒரு தலைவர் என்னவெல்லாம் எதிர்கொள்கிறார் என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். மேல்நிலைத் தொட்டியின் மோட்டார் கோடைக்காலத்தில் பழுதாகிறது. முடியாத வேலைக்கு ஒப்பந்ததாரர் பில் கொண்டு வருகிறார். புதிய வடிகால் செல்ல வேண்டிய வழியில் தலைவரின் சொந்த மைத்துனர் திண்ணை கட்டியிருக்கிறார். இப்படிப்பட்ட இடங்களில் திட்ட அறிவு பாதி வழிக்கே துணை வரும். தாம் யாருக்கு அஞ்சுகிறோம், யார் சொன்னால் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொள்கிறோம், எந்த மனுவைக் காரணமின்றித் தள்ளி வைக்கிறோம் என்பதை அறிந்தவரால்தான் மீதி வழியைக் கடக்க முடிகிறது. இந்தத் தன்னறிதல் பிறவியில் அமைவதன்று. நாள்தோறும் செய்யும் சிறு பயிற்சியால் இதைப் பெறலாம்.

எனக்குத் தெரிந்த தலைவர் ஒருவர், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், இரவில் ஒரு குறிப்பேட்டில் சில வரிகள் எழுதி வந்தார். இன்று எதில் கையொப்பமிட்டேன், அதை எனக்கு விளக்கியவர் யார், எனக்கு உண்மையிலேயே புரிந்ததா, யாருடைய கோரிக்கையை நாளைக்கு என்று சொல்லி அனுப்பினேன், ஏன் அனுப்பினேன் என்பவையே அவர் எழுதியவை. சில மாதங்கள் கழித்து ஏட்டைப் புரட்டியபோது, தள்ளி வைத்த கோரிக்கைகளில் பெரும்பாலானவை ஊரின் கிழக்கே உள்ள காலனியிலிருந்து வந்தவை என்பதை அவரே கண்டார். அம்மக்களை ஒதுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் துளியும் இருந்ததில்லை. அவர்கள் கூலி வேலை முடித்துப் பொழுது சாயும் நேரத்தில்தான் ஊராட்சி அலுவலகத்துக்கு வர முடியும். அவரோ பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பும் நேரத்துக்கு வீட்டுக்குப் போய்விடுவார். வழியில் நிறுத்திச் சொல்லும் கோரிக்கை, மேசையில் வைத்துச் சொல்லும் கோரிக்கை பெறும் கவனத்தைப் பெறாமல் போயிருக்கிறது. அதன்பின் வாரத்தில் இரண்டு நாள் மாலையில் அலுவலகத்தில் இருப்பதென்று அவர் முடிவு செய்தார். அதே ஏட்டில் அவர் கண்ட இன்னொன்றும் உண்டு: அவர் கையொப்பமிட்ட தாள்களில் ஏறக்குறைய அனைத்தையும் விளக்கியவர் ஊராட்சிச் செயலர் ஒருவரே. அந்தச் செயலர் நேர்மையானவர்தான். ஆனாலும் ஒரே கண்ணால் ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று உணர்ந்த பிறகே அத்தலைவர் கணக்குப் படிக்க உட்கார்ந்தார். எந்த வகுப்பும் அவருக்கு அந்த ஆர்வத்தை ஊட்டியிருக்க முடியாது என்று நான் நினைக்கிறேன்.

தன்னறிதல் என்று நான் சொல்வது இவ்வளவுதான். கண்ணை மூடி அமர்ந்து உள்ளத்தை ஆராயும் பயிற்சியையோ, தன்னம்பிக்கைச் சொற்பொழிவையோ நான் கேட்கவில்லை. பின்னதைப் பற்றி எனக்கு ஐயமும் உண்டு. மேடைப் பேச்சில் எழும் உற்சாகம் முதல் தணிக்கை ஆட்சேபணை வந்ததும் கரைந்துவிடுகிறது. தம் செயலைத் தாமே எழுதி வைத்து, ஆறிய மனத்தோடு திரும்பப் படிப்பதால் வரும் தெளிவுக்கு அந்தக் குறை இல்லை.

அந்தத் தெளிவோடு சட்டப் படிப்பும் சேர வேண்டும். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தைத் தலைவர்கள் தாமே வாசிக்க வேண்டும். அதன் சுருக்கத்தை வேறொருவர் திரையில் காட்டுவதோடு நிறுத்திவிடக் கூடாது. குடிநீர், தெருவிளக்கு, சாலை, வடிகால், சுடுகாடு போன்றவற்றை ஊராட்சியின் கடமைகளாக வைக்கும் 110ஆம் பிரிவையும், விரும்பினால் செய்யக்கூடியவற்றைச் சொல்லும் 111ஆம் பிரிவையும் அடுத்தடுத்து வாசிக்கும் ஒரு தலைவருக்கு, தமக்குக் கட்டாயமானது எது, தம் விருப்பத்துக்கு விடப்பட்டது எது என்பது ஒரே அமர்வில் புரிந்துவிடுகிறது. தலைவரைப் பதவி நீக்கும் முறையைச் சொல்லும் 205ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது. "கலெக்டரிடம் சொல்லிப் பதவியைப் பறித்துவிடுவோம்" என்ற மிரட்டலைக் கேட்காத பெண் தலைவரை நான் அதிகம் சந்தித்ததில்லை. அப்பிரிவை வாசித்தால், தலைவரிடம் முதலில் விளக்கம் கேட்க வேண்டும், வட்டாட்சியர் ஊராட்சி மன்றக் கூட்டத்தைக் கூட்டி உறுப்பினர்களின் கருத்தை அறிய வேண்டும், அதன் பிறகே முடிவு என்று படிப்படியாக ஒரு முறை வகுக்கப்பட்டிருப்பது தெரியும். அச்சத்தின் உண்மையான அளவு தெரிந்ததும் தலைவரின் குரலே மாறுவதை நான் நேரில் கேட்டிருக்கிறேன்.

கணக்கும் அப்படித்தான். பொது நிதிக்கு ஒரு கணக்கு, மின் கட்டணத்துக்கும் குடிநீர் வாரியக் கட்டணத்துக்கும் மற்றொரு கணக்கு என்று பிரிந்திருப்பதன் காரணத்தை மாதிரி ஊராட்சி ஒன்றின் கணக்கைக் காட்டி விளக்குவதைவிட, ஒவ்வொரு தலைவரும் தம் ஊராட்சியின் சென்ற ஆண்டுப் பற்று வரவை வகுப்புக்குக் கொண்டுவரச் செய்து, கூட்டிக் கழித்துப் பார்க்கச் சொல்வது நூறு மடங்கு பயன் தரும். தம் ஊரின் தெருவிளக்குக்கு எவ்வளவு செலவாகிறது, வீட்டு வரி எவ்வளவு வசூலாகிறது என்பதைத் தம் கையால் எழுதிப் பார்த்தவர் கிராம சபையில் தடுமாறுவதில்லை. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலைக்குத் தகுதியற்றோரின் வரிசையில் முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாமல் போனவர்களையும் அவர்தம் உறவினரையும் வைத்திருக்கிறது. அந்தச் சபை பிராமணர் சபை. பெண்களுக்கும் ஏனைய மக்களுக்கும் அதில் இடமில்லை. அதனால் அதைப் பொற்காலமாகப் போற்றும் வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் கணக்கைத் தலைமையின் முதல் தகுதிகளுள் ஒன்றாகக் கருதிய அந்த விதி இன்றைக்கும் பொருந்தும்.

அண்டை மாநிலத்தில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். 1996இல் கேரளம் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியதோடு, ஒவ்வொரு ஊராட்சியும் தன் நிலம், நீர், தொழில், கல்வி ஆகியவற்றைப் பற்றிய வளர்ச்சி அறிக்கையைத் தானே எழுதவும் செய்தது. தம் ஊரைப் பற்றித் தாமே எழுதும் வேலையைச் செய்தவர்கள் பிறகு திட்டம் வகுக்கும் கூட்டங்களில் வெறும் பார்வையாளர்களாக இருக்கவில்லை. நம் மாநிலத்திலும் சான்று உண்டு. திருவள்ளூர் மாவட்டத்துக் குத்தம்பாக்கத்தில் 1996இல் தலைவரான வேதிப்பொறியாளர் இளங்கோ, உள்ளூரில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு குறைந்த செலவில் கட்டுமானங்களைச் செய்தார். இடையில் பதவி நீக்கத்தையும் எதிர்கொண்டு, கிராம சபையின் துணையோடு மீண்டு வந்தார். பின்னாளில் பிற தலைவர்களுக்குப் பயிற்சி தரவும் முனைந்தார். அவருக்குப் பட்டப்படிப்பு இருந்தது என்று சிலர் சொல்வார்கள். அவர் படித்த வேதிப்பொறியியலைவிடத் தம் கிராமத்தைப் படித்த விதமே அவருக்குக் கைகொடுத்தது என்று நான் கருதுகிறேன்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். தன்னறிதலும் கல்வியும் ஒருவரை எவ்வளவு உயர்த்தினாலும், ஊர் அவரை நாற்காலியில் அமர விடாவிட்டால் அவை மட்டும் போதா. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியின் தலைவரான முருகேசன் 1997 ஜூன் 30ஆம் நாள் உடனிருந்தவர்களோடு சேர்த்துக் கொல்லப்பட்டதையும், பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊர்களில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால் 2006 வரை முறையாகத் தலைவர் ஒருவர் பணியாற்ற முடியாமல் போனதையும் இத்துறையில் உள்ளோர் எவரும் மறந்திருக்க முடியாது. அந்த ஊர்களில் குறை, தலைமை ஏற்க வந்தவர்களின் திறமையில் இருந்ததில்லை. ஆகவே தன்னைத் தானே ஆராயும் இந்தப் பயிற்சி பட்டியல் சாதித் தலைவர்களுக்கும் பெண் தலைவர்களுக்கும் மட்டும் உரியதென்று ஆகிவிடக் கூடாது. காசோலையில் தலைவரோடு கையொப்பமிடும் துணைத் தலைவரும், வார்டு உறுப்பினர்களும், ஊராட்சிச் செயலரும் அதே வகுப்பில் அமர்ந்து, தாங்கள் யாருடைய சொல்லுக்கு எழுந்து நிற்கிறோம், யாருடைய சொல்லைக் கேட்காதது போல் இருக்கிறோம் என்று எழுதிப் பார்க்க வேண்டும்.

அலுவலர்களாகிய உங்களையும் அவ்வாறே வேண்டுகிறேன். தலைவரின் கைபேசி எண் என்று பதிவேட்டில் கணவரின் எண் இருக்கும் ஊராட்சிகளை நான் அறிவேன். வட்டார வளர்ச்சி அலுவலகத்திலிருந்து அழைப்பவர் அந்த எண்ணிலேயே வேலையை முடித்துக்கொண்டால், வகுப்பில் கற்றதனைத்தும் அந்த ஒரு அழைப்பில் வீணாகிவிடும். கணவர்மார் தலையிடக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்புவதோடு, தலைவரிடம் நேரில் பேசுவதைத் துறை தன் சொந்த வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

என் வேண்டுகோள் செலவு மிகுந்ததன்று. தொடக்க வகுப்பை இப்போதுள்ளபடியே நடத்துங்கள். அதன்பின் ஓராண்டுக்கு, கிராம சபை கூடும் ஆறு நாள்களையொட்டி, ஒவ்வொரு கூட்டத்துக்கும் இரு வாரங்களுக்கு முன் ஒன்றிய அளவில் ஒரு நாள் படிப்பு வட்டம் நடக்கட்டும். ஒரு வட்டத்தில் பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். மார்ச் 22 கூட்டத்துக்கு முன் தத்தம் ஊரின் குடிநீர்க் கணக்கையும், அக்டோபர் 2 கூட்டத்துக்கு முன் ஆண்டின் வரவு செலவையும், மற்றக் கூட்டங்களுக்கு முன் அவர்களே தேர்ந்தெடுக்கும் சட்டப் பிரிவுகளையும் படிக்கட்டும். முன்னாள் தலைவர்களை, குறிப்பாகப் பதவிக்காலத்தில் எதிர்ப்பைத் தாங்கி நின்ற பெண்களை, கருத்தாளர்களாக அழையுங்கள். மாவட்டத் தலைநகரில் வகுப்பு வைத்தால் கைக்குழந்தை உள்ளவர்கள் வரமாட்டார்கள். ஒன்றிய அலுவலகத்திலேயே, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளோடு நடத்துங்கள்.

பதவியேற்பு நாளன்று ஒவ்வொருவருக்கும் ஊராட்சிகள் சட்டத்தின் தமிழ்ப் படி ஒன்றும் வெற்றுக் குறிப்பேடு ஒன்றும் தாருங்கள். அந்தக் குறிப்பேட்டை மட்டும் எந்த அலுவலரும் ஆய்வுக்குக் கேட்கக் கூடாது, அதற்கு மதிப்பெண்ணோ சான்றிதழோ தரக் கூடாது என்று ஆணையிலேயே எழுதிவிடுங்கள். பிறர் பார்ப்பார்கள் என்று தெரிந்தால் அதில் உண்மை எழுதப்படாது. வட்டத்துக்கு வரும்போது அதிலிருந்து எதைப் பேசுவது, எதைத் தமக்குள் வைத்துக்கொள்வது என்பதை அத்தலைவரே முடிவு செய்யட்டும்.

மாநிலம் முழுவதும் ஒரே நேரத்தில் இயலாதெனில், மாவட்டத்துக்கு ஓர் ஒன்றியத்தில் தொடங்குங்கள். எங்கள் ஒன்றியத்தைத் தேர்ந்தெடுத்தால், ஊதியம் ஏதுமின்றி அந்த ஆறு நாள்களும் வந்து உடனிருந்து படிக்க நானும் என்னோடு படித்த முன்னாள் தலைவர்கள் சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர்