இருபது பேரா, எண்பது பேரா

துவாக்குடி,
கார்த்திகை 12.

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, தாமதத்தைப் பொறுத்துக்கொள். கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. நம் சமுதாயக் கல்லூரி எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். அதற்கு ஒரு வரியில் பதில் எழுத முடியாமல்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

அறக்கட்டளையினர் அடுத்த ஐந்தாண்டுக்கு ஒரு விரிவாக்கத் திட்டம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். மேற்குப் பக்கம் இரண்டு மாடிக் கட்டடம், வெல்டர் பிரிவில் இப்போதுள்ள இருபது இடத்தை எண்பதாக்குவது, புதிதாக ஏ.சி. மெக்கானிக், சோலார், மின்வாகனப் பழுது என்று மூன்று பிரிவுகள்; இதுதான் அவர்கள் மனத்தில் இருப்பது. ஊர்ப் பிள்ளைகளுக்கு நல்லது செய்ய வேண்டும் என்ற அவர்களுடைய எண்ணத்தில் எனக்குச் சிறிதும் சந்தேகமில்லை. ஆனால் சென்ற ஆண்டு வெல்டர் பிரிவில் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர்தான் கடைசித் தேர்வுக்கு வந்து உட்கார்ந்தார்கள். இதைச் சரிசெய்யாமல் எண்பது பேரைச் சேர்த்தால், நாற்பது பேரைப் பாதி வழியில் இறக்கிவிட்டவர்களாவோம் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்தப் பாதிப்பேர் ஏன் போனார்கள் என்பதைப் பதிவேட்டில் தேடினால் ‘தொடர் வருகையின்மை’ என்ற ஒரே சொல்தான் இருக்கும். இந்த ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு பையன் அப்படி நின்றபோது, பதிவேட்டில் எழுதுவதற்கு முன் நானே அவன் வீட்டுக்குப் போனேன். இங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, பஸ் நிற்கும் இடத்திலிருந்து வரப்பில் நடந்து போக வேண்டிய வீடு. அவன் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் அரிவாளைக் கீழே போட்டுவிட்டுத் தலை குனிந்து நின்றான். அரைமணி நேரம் பேசிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. காலை ஆறே முக்கால் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அடுத்த பஸ் வந்து சேரும்போது மணி ஒன்பதேகால் ஆகிவிடும். ஒன்பது மணிக்குப் பிறகு வருபவனைப் பட்டறைக்குள் விடக் கூடாது என்பது நம் கல்லூரியின் விதி. நான்கு நாள் கதவுக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறான், ஐந்தாம் நாள் வரவில்லை. ஒழுங்கு வேண்டும் என்று அந்த விதியை எழுதியவன் நான்தான், சுந்தரம். அன்று திரும்பும் வழியெல்லாம் அந்தப் பையன் கதவருகே நின்ற நான்கு நாட்களையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாளே நேரத்தை ஒன்பதரை என்று மாற்றினோம். அவன் திரும்பி வந்துவிட்டான். ஆனால் எத்தனை பேர் வீட்டுக்கு நான் போயிருக்கிறேன்? ஆகவே திட்டத்தில் முதலாவதாக நான் கேட்கப்போவது, ஒரு பிள்ளை இரண்டு நாள் வரவில்லையென்றால் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போன் செய்து, தேவைப்பட்டால் நேரில் போய்ப் பார்ப்பதையே வேலையாகக் கொண்ட ஓர் ஆள். பாடம் நடத்தும் ஆசிரியரிடமே இதையும் கட்டினால் இரண்டும் நடக்காது. அடுத்ததாகப் பஸ் கட்டணமும் மதியச் சோறும். அரசுத் தொழிற்பயிற்சி நிலையமான ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. பஸ் பாஸும் சைக்கிளும் இலவசம். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு அங்கே சேரும் பெண்ணுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்திலும், பையனுக்கு 2024 முதல் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் அவர்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலேயே விழுகிறது. நம்மிடம் வருபவர்கள் பெரும்பாலும் அந்தக் கதவுகளைத் தவறவிட்டவர்கள்: எட்டாம் வகுப்போடு நின்று நான்கு ஆண்டு செங்கல் சூளையில் இருந்தவன், கல்யாணமாகிக் குழந்தை பெற்ற பிறகு படிக்க வந்தவள். இப்படிப்பட்டவர்களை வயதும் மதிப்பெண்ணும் பார்க்காமல் சேர்த்துக்கொள்ளத்தானே 1995இல் புதுச்சேரியிலும் அடுத்த ஆண்டு சென்னையிலும் சமுதாயக் கல்லூரிகளைத் தொடங்கினார்கள்? அவர்களுக்குச் செய்யவேண்டியதை நாம்தான் தேடிச் செய்ய வேண்டும்.

பஸ் காசு கொடுத்தால் படிப்பு வந்துவிடுமா என்று அறக்கட்டளைக் குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் தன் சமுதாயக் கல்லூரிகளில் 2007இல் தொடங்கிய ஒரு திட்டத்தை அவருக்கு எடுத்துச் சொன்னேன். அங்கே மாணவர்களுக்கு ரயில், பஸ் பயண அட்டையும் பாடப்புத்தகச் செலவும் கொடுத்து, அடிக்கடி சந்தித்துப் பேச ஓர் ஆலோசகரையும் வைத்தார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் மாணவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து மூன்றாண்டு கவனித்ததில், உதவி பெற்றவர்களில் 40 சதவீதம் பேரும் பெறாதவர்களில் 22 சதவீதம் பேரும் பட்டம் முடித்திருந்தார்கள். அது பெரிய நகரம், இது துவாக்குடி என்பதை நான் மறக்கவில்லை. ஆனாலும் பஸ் இல்லாததால் படிப்பு நிற்பது இரண்டு ஊருக்கும் ஒன்றுதான்.

இனி வெல்டிங் பற்றி. இதில் என்னைவிட நீ அறிந்தவன். நான் நினைப்பது தவறானால் தயங்காமல் சொல். எண்பது இடம் என்று பேசுகிறவர்கள் மெஷினைக் கணக்குப் போடுகிறார்கள், எரிந்து தீரும் வெல்டிங் ராடைக் கணக்குப் போடுவதில்லை. இப்போது இருபது பேருக்கே ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு ராடுதான் கொடுக்க முடிகிறது. முதல் வாரத்தில் ராடு தகட்டில் ஒட்டிக்கொள்வதிலேயே அதில் இரண்டு போய்விடும். ஹோல்டரை உதறி, ராடை விடுவித்து, மறுபடி உரசி, ஆர்க் என்னும் அந்த மின்தீயைப் பிடித்து நிற்பதற்குள் அன்றைய பங்கு தீர்ந்துவிடுகிறது. கை படிய வேண்டுமானால் நாள்தோறும் பதினைந்து ராடாவது எரிய வேண்டும் என்பது என் எண்ணம். நாம் கற்ற காலத்தில் நம் மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு காதால் மட்டுமே கேட்பாரே, நினைவிருக்கிறதா? வடகம் பொரிவதுபோல் ஒரே சீராகச் சத்தம் வந்தால் பேசாமல் கடந்து போவார். பொட்டுப் பொட்டென்று வெடித்தால் முதுகில் ஒரு தட்டு விழும். அந்தச் சீர் வருவதற்கு எரித்துக்கொண்டே இருப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. ராடுக்கும் தகட்டுக்கும் ஒதுக்கும் பணத்தைக் கூட்டாமல் இடத்தை மட்டும் நான்கு மடங்காக்கினால், சான்றிதழ் வைத்திருக்கும், ஆர்க் பிடிக்கத் தெரியாத எண்பது பேரை அனுப்பிவைப்போம்.

அதனால் வெல்டரில் இருபது இடமே இருக்கட்டும், ஆனால் ஆழமாகப் போவோம் என்று எழுதப்போகிறேன். தகடு முடிந்ததும் பைப். பைப்பில், கம்பியைத் தனியாக ஊட்டி உருக்கும் டிக் வெல்டிங்கில் ரூட் என்னும் அடி வரிசையைப் போட்டு, மேலே ராடு ஆர்க்கில் நிரப்புவது. கடைசியில் நாற்பத்தைந்து பாகை சாய்ந்து அசையாமல் நிற்கும் பைப்பைச் சுற்றிவந்து வெல்டிங் செய்யும் 6ஜி நிலை. இந்த ஊரில் அதற்குத்தான் மதிப்பு. 1965 முதல் பாய்லர் ஆலை இருக்கும் இடம், 1975 முதல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் இடம். பாய்லர் சட்டப்படி தேர்வு எழுதி, எக்ஸ்ரேயில் ஜாயின்ட் தேறிய ஆளை எந்தப் பட்டறையும் திருப்பி அனுப்புவதில்லை. அதே வேளை ஒன்றையும் மறைக்கக் கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் ஆலைக்கு ஆர்டர் குறைந்தபோது இந்தச் சாலையில் எத்தனை பட்டறைகளின் ஷட்டர் இறங்கியது என்று நீயும் பார்த்தாய். ஒரே ஆலையை நம்பி எண்பது வெல்டரை உண்டாக்குவது சரியல்ல என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஏ.சி. மெக்கானிக் பிரிவை முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். திருச்சி வெயிலுக்கு அந்த வேலை எந்த ஆலையையும் நம்பியில்லை, சொந்தமாகவும் செய்யலாம். சோலாரைத் தனிப் படிப்பாக்க வேண்டாம், வயரிங் தெரிந்தவனுக்கு மூன்று மாதப் பயிற்சியாகச் சேர்த்தால் போதும். மின்வாகனத்துக்கு இப்போதைக்கு நம்மிடம் ஆசிரியரே இல்லை. அரசு 71 ஐ.டி.ஐ.களை 2,877 கோடி ரூபாயில் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ரோபோ, புதுவகை இயந்திரம் என்று புதுப்பித்திருக்கிறது. அவற்றோடு நாம் போட்டி போட முடியாது, போடவும் தேவையில்லை. நம் பிள்ளைகளை வாரம் ஒருநாள் அங்கே அழைத்துப்போய்க் கற்பிக்க அனுமதி கேட்பதே மேல்.

கட்டடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு மாடிக்கு முன்னால் பெண்களுக்கு உடை மாற்ற ஓர் அறையும் ஒழுங்கான கழிப்பறையும் வேண்டும். இவ்வாண்டு மூன்று பெண்கள் வெல்டிங் படிக்கிறார்கள். துப்பட்டாவோடு ஆர்க் முன்னால் உட்கார முடியாது. பருத்தி ஓவரால் கொடுத்திருக்கிறோம், மாற்ற இடமில்லாததால் வீட்டிலிருந்தே அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வருகிறார்கள். அவர்களில் ஒருத்தியின் கை இப்போதே பையன்களைவிடச் சீராக ஓடுகிறது. அவள் மேலே படிந்த ஸ்லாக் ஓட்டைத் தட்டி எடுத்தால், அடியில் பீடு என்னும் வெல்டிங் வரிசை சில்லறைக் காசுகளை வரிசையாகச் சாய்த்து அடுக்கியதுபோல் இருக்கிறது.

உன்னிடம் இரண்டு உதவி கேட்கிறேன். குழு தை மாதம் இரண்டாம் வாரம் கூடுகிறது. ஒரு பயிற்சியாளனுக்கு ஓராண்டில் எத்தனை ராடு, எத்தனை கிலோ தகடு, எத்தனை மீட்டர் பைப் தேவைப்படும் என்று உன் அனுபவத்திலிருந்து ஒரு பக்கம் எழுதி அனுப்பு. நான் சொன்னால் வாதமாகிவிடும்; முப்பது ஆண்டு ஹைபிரஷர் வெல்டராக இருந்தவன் எழுதினால் கணக்காக ஏற்றுக்கொள்வார்கள். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது இரண்டு நாள் கூடுதலாகத் தங்கி, அந்தப் பெண்ணுக்கும் ஆட்டுத்தழைப் பையனுக்கும் டிக்கில் ரூட் போடுவதைக் காட்டிக்கொடு. ஆர்க்கைப் பார்க்கலாமா என்று கண் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள். கூடாது என்றால் நீ பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காதால் கேட்டாலே போதும்.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
ராஜமாணிக்கம்