வெள்ளிக்கிழமை பாட்டு நிக்கப் போகுது, 56,250 ரூபா குறையுது

எல்லாருக்கும் வணக்கம். நம்ம தெரு பஜனைக் குழு சார்பா எழுதறோம். போன மாசமே எழுதியிருக்கணும், யாராவது தானா கேப்பாங்கன்னு காத்திருந்தோம், யாரும் கேக்கல, சரஸ்வதி பூஜைக்கு இன்னும் மூணு வாரம்கூட இல்ல, அதான் இப்போ நேராவே கேட்டுடறோம்.

புதுசா சேர்ந்தவங்களுக்காக ஒரு வார்த்தை. வடசென்னையில வீடில்லாதவங்களுக்கான மாநகராட்சி காப்பகம் ஒண்ணுல, குடும்பத்தோட தங்கியிருக்கற அம்மாக்களுக்கும் அவங்க சின்னப் பிள்ளைங்களுக்கும் நாலு வருஷமா ஒவ்வொரு வெள்ளிக்கிழமை சாயங்காலமும் ஒரு மணி நேரம் பாட்டு நடத்தறோம். லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், வருஷம் முழுக்க 24 மணி நேரமும் தொறந்திருக்கணும்னு சுப்ரீம் கோர்ட்டு 2010-ல சொன்னதுக்கு அப்புறம்தான் ஊருக்கு ஊர் இதெல்லாம் வேகமா வந்துச்சு. படுக்க இடம், சாப்பாடு, தண்ணி எல்லாம் ஓரளவு இருக்கு. நாலு வயசுப் பிள்ளைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு அங்க செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல, அவ்வளவுதான் பிரச்சனை.

ஏன் வெள்ளிக்கிழமைன்னு கேக்கறவங்களுக்கு நம்ம பெரியவர் ஒரு பெரிய கதையே சொல்லுவாரு, சுருக்கமா இங்க எழுதலன்னா கோச்சுக்குவாரு. நம்ம ஜார்ஜ் டவுன் சாதாரண ஏரியா இல்ல. கோவூர் சுந்தரேச முதலியார் கூப்பிட்டு தியாகராஜர் வந்து தங்கின பந்தர் தெரு இங்கதான் இருக்கு. அவரோட சிஷ்யர் வீணை குப்பையர் முத்தியால்பேட்டைக்காரர். வீணை தனம்மாள் வீட்டுல வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தம்மா வாசிக்கறத கேக்க பெரிய பெரிய வித்வானுங்க எல்லாம் வந்து தரையில உக்காந்து இருப்பாங்க, யாரும் மூச்சு விடற சத்தம்கூட கேக்கக் கூடாதாம். மயிலாப்பூர் மாட வீதியில பாபநாசம் சிவன் பண்ண மார்கழி பஜனை உலகத்துக்கே தெரியும், நம்ம தெரு பஜனை நமக்கு மட்டும்தான் தெரியும், ஆனா அறுபது வருஷத்துக்கு மேல ஒரு மார்கழி விடல. (புயல் வந்த வருஷமும் முட்டியளவு தண்ணியில போனோம்னு பெரியவர் சொல்றாரு. முட்டியா கணுக்காலான்னு குழுவுக்குள்ள இன்னும் தகராறு.)

அதனாலதான் நாங்களும் வெள்ளிக்கிழமை வெச்சோம். ஒரே வித்தியாசம், நம்ம வெள்ளிக்கிழமையில முப்பது பிள்ளைங்க ஒரே நேரத்துல ஜால்ரா தட்டும்.

நடக்கறது இப்படித்தான். ஜமுக்காளம் விரிச்சு வட்டமா உக்காருவோம், கைக்குழந்தைங்க அம்மா மடியில. முதல்ல பேர் பாட்டு. ஒவ்வொரு பிள்ளை பேரையும் ராகத்துல வெச்சு எல்லாரும் சேந்து கூப்பிடுவோம், அம்மா பேரையும் சேத்து. அப்புறம் கைதட்டு, கும்மி, பழைய தண்ணி பாட்டில்ல அரிசி போட்டு குலுக்கறது, நிறுத்துன்னா நிறுத்தறது. இந்த நிறுத்தற விளையாட்டுதான் பிள்ளைங்களுக்கு உயிர். கடைசியில லைட்ட கொறச்சுட்டு தாலாட்டு, அது எங்க தாலாட்டு இல்ல, அவங்க அவங்க வீட்டு தாலாட்டு. மொத மாசம் ஒரு அம்மாவும் வாயே தொறக்கல. இப்போ யார் மொதல்ல பாடறதுன்னு போட்டி, ஒருத்தங்க தெலுங்குல, ஒருத்தங்க உருதுல, மீதிப் பேர் நம்ம ஊர் மெட்டுல.

அங்க பஜனை பாடறதில்ல. இத குழுவுல ரெண்டு பேர் இன்னும் ஏத்துக்கல. எல்லா மதத்து பிள்ளைங்களும் இருக்கற இடம், பிள்ளைங்கள பாட வைக்கறதே சாமி காரியம்தான், பகவானுக்கு தெரியாத கணக்கா இது.

ஒரு வெள்ளிக்கிழமை இருக்கற பிள்ளை அடுத்த வெள்ளிக்கிழமை இருக்காது. வாடகைக்கு வீடு கெடச்சு போயிருக்கும், இல்லன்னா அப்பா வந்து கூட்டிட்டு போயிருப்பாரு, இல்லன்னா மறுபடி பிளாட்பாரம். எங்களுக்கு சொல்ல மாட்டாங்க, நாங்களும் கேக்க மாட்டோம். பேர் பாட்டுல ஒரு பேர் கொறையும்போதுதான் தெரியும். அதே மாதிரி போன பிள்ளை ஆறு மாசம் கழிச்சு திரும்ப வந்து, ஓடி வந்து அதே எடத்துல உக்காந்து தன் பேர் வர்ற வரைக்கும் காத்திருந்துச்சு பாருங்க, அதுக்காகத்தான் ஒரு வாரம்கூட விடக் கூடாதுன்னு சண்டை போடறோம்.

இப்போ கணக்கு. ஒரு வெள்ளிக்கிழமைக்கு டோலக் வாத்தியாருக்கு 800, ஆர்மோனியமும் பெட்டியும் ஏத்திட்டு போக வர ஆட்டோ 300, சுண்டல் வாழைப்பழம் 350. ஆக 1,450. வருஷத்துக்கு 52 வெள்ளி, 75,400. அதோட இந்த வருஷம் மட்டும் வர்ற செலவு: ஆர்மோனியம் துருத்தி மாத்தி ரீடு சரி பண்ண 6,500, சின்ன டோலக் ரெண்டு 5,600, ஜால்ரா 12 ஜோடி 1,800, கஞ்சிரா நாலு 2,800, ஜமுக்காளம் ரெண்டு 2,300, இது 19,000. மொத்தம் 94,400. கையில இருக்கறது 38,150. வருஷா வருஷம் பெரிய தொகை குடுத்துட்டு இருந்த ஒருத்தரு இந்த வருஷம் கடைய மூடிட்டாரு, அவர் மேல தப்பில்ல, இத்தன நாள் குடுத்ததே பெருசு.

சரஸ்வதி பூஜைக்கு முன்னாடி வாத்தியக் கடைக்கு 19,000-மும் குடுக்கணும், அப்புறம் மார்கழி சீசன் வேலை வந்துடும், தை வரைக்கும் நம்மள திரும்பிப் பாக்க மாட்டாங்க. அத குடுத்துட்டா மீதி 19,150, அது 13 வாரம்தான் வரும். பொங்கலோட பாட்டு நின்னுடும். அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையிலதான் பிளாட்பாரத்துல இருக்கற குடும்பங்க உள்ள வரும், பிள்ளைங்க எண்ணிக்கை அப்போதான் ஏறும்.

கேள்விகள் வரும்னு தெரியும். சேவைக்கு எதுக்கு வாத்தியாருக்கு காசுன்னு போன வருஷமே ஒருத்தர் கேட்டாரு. அவரு கானா வாசிக்கறவரு, சாவு வீட்டுக்கு போனா ஒரு ராத்திரிக்கு நம்ம குடுக்கறத போல ரெண்டு பங்கு வாங்குவாரு, வெள்ளிக்கிழமை கூப்பிட்டா வேணாம்னு சொல்லிட்டு நம்மகிட்ட வராரு. அவரும் வாடகை கட்டணும். கஞ்சிரா ஏன் ஃபைபர், உடும்புத் தோல் சத்தமே வேறயேன்னு பெரியவர் கேக்கறாரு, வேறதான், ஆனா 1972 வனவிலங்கு சட்டப்படி அது குத்தம், பிள்ளைங்க கையில குடுக்கறதுக்கு அது வேற வேணாம். அப்புறம் ஆர்மோனியமே எதுக்குன்னு ஒரு சங்கீதப் பிரியர். ரேடியோவுலயே 1940-ல இருந்து முப்பது வருஷம் அத தள்ளி வெச்சிருந்தாங்கதான், நம்ம தெருவுல ஒரு நாளும் தள்ளல.

போட்டோ போடுங்க, பாத்துட்டு காசு போடறோம்னு நெறைய பேர். போட மாட்டோம். காப்பகத்துல இருக்கற பிள்ளைங்க முகத்த வெளிய காட்டக் கூடாது, 2015 சிறார் நீதிச் சட்டத்துலயே இருக்கு. புருஷன் அடி தாங்காம வந்த அம்மாவும் அங்க இருப்பாங்க, அதனாலதான் காப்பகம் எங்கன்னுகூட இங்க எழுதல. பில்லு எல்லாம் இருக்கு, யாரு வேணா வந்து பாக்கலாம்.

போன வருஷம் குடுத்தவங்க எல்லாருக்கும் கைகூப்பி நன்றி. மாசா மாசம் 100 ரூபா, ஒரு மாசம் தவறாம, சில்லறையா கொண்டு வந்து குடுத்த மாவுக் கடை அக்கா. பென்ஷன்ல 5,000 எடுத்துக் குடுத்துட்டு பேர் போடாதீங்கன்ன ரிட்டயர்டு போஸ்ட்மேன் ஐயா. துபாய்ல இருந்து அனுப்பின தம்பி, அவரோட ரூம்மேட் நாலு பேர், அதுல ரெண்டு பேருக்கு தமிழே தெரியாது. சுண்டலுக்கு கொண்டைக்கடலை மூட்டையா எறக்கின மளிகைக் கடை பாய். மக காதுகுத்துல வந்த மொய்ய அப்படியே கொண்டாந்த ஆட்டோ அண்ணன். உண்டியல உடைச்சு 212 ரூபா குடுத்த மூணாங்கிளாஸ் பொண்ணு, அதுக்கு ரசீது வேணும்னு அடம் புடிச்சு வாங்கிட்டுப் போச்சு. இவங்கெல்லாம் நல்லா இருக்கணும்.

குடுக்கறேன்னு போன பொங்கல் கூட்டத்துல மைக்குல சொல்லிட்டு இன்னும் குடுக்காதவங்க மூணு பேர் இருக்காங்க. பேர் போடல. அவங்களுக்கே தெரியும், கைதட்டு வாங்கிட்டீங்க. ரிசப்ஷன்ல ரெண்டு மணி நேரம் பாட்டுக் கச்சேரிக்கு லட்சம் குடுக்கற தெரு இது, பேசிட்டே இருப்போம், ஒருத்தரும் கேக்கறது இல்ல, இத சொல்லாம இருக்க முடியல, தப்பா எடுத்துக்காதீங்க.

நாங்க கேக்கறது ஒரே ஒரு வெள்ளிக்கிழமை. ஆளுக்கு 1,450. 39 பேர் எடுத்துக்கிட்டா அடுத்த வருஷம் முழுக்க ஓடிடும். முடியாதவங்க ஒரு டஜன் வாழைப்பழம்னு குடுங்க, அதுவும் கணக்குதான். குழு வாட்ஸ்அப்ல இருக்கற அதே ஜிபே நம்பர், பொருளாளர் பேர்ல வரும், மெசேஜ்ல வெள்ளின்னு போடுங்க, இல்லன்னா மார்கழி பொங்கல் கணக்குல போயிடும், போன தடவை போய் பெரிய சண்டை. நம்மது பதிவு பண்ண டிரஸ்ட் இல்ல, 80ஜி வரிச் சலுகை கிடையாது, முன்னாடியே சொல்லிடறோம்.

நேர்ல வர்றவங்க ரெண்டு நாள் முன்னாடி சொல்லணும், காப்பகத்துல பேர் குடுக்கணும், ஃபோன் பையிலயே இருக்கணும், தரையில உக்காரணும். வீட்டுல சும்மா கெடக்கற ஜால்ரா, மோர்சிங், உறுமி எது இருந்தாலும் குடுங்க. உடைஞ்ச கீபோர்டு மட்டும் வேணாம், ஏற்கெனவே மூணு வந்து கெடக்கு.