எதையும் உதறிவிட்டுப் போகவில்லை என் பெரியப்பா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பிரெஞ்சுப் படையில் சிப்பாய்களாக இருந்த காரைக்கால் சொல்தாக்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். "இந்தியக் குடியுரிமையை உதறிவிட்டு, பணத்துக்காக பிரான்ஸிலேயே தங்கிவிட்டவர்கள்" என்று அதில் ஒரு வரி. எழுதியவர் இளைஞராக இருக்கலாம். ஆனால் அதைப் பார்த்து அச்சுக்கு அனுப்பிய நீங்கள் இந்த டெல்டாவின் சரித்திரம் தெரிந்தவர். உங்கள் கண்ணிலும் அது தப்பு என்று படவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

அந்தச் சொல்தாக்களில் ஒருவர் என் பெரியப்பா. நெடுங்காட்டில் பிறந்தவர். 1948-ல் பிரெஞ்சுக் காலனியக் காலாட்படையில் சேர்ந்து, பிரான்ஸ் போர் நடத்திக்கொண்டிருந்த இந்தோசீனாவுக்கு, அதாவது இன்றைய வியட்நாம் பக்கம், போனார். போர் முடிந்த பிறகு ஊர் திரும்பாமல் பிரான்ஸில் தங்கி, துலோனில் காலமானார். அவரிடம் இந்தியக் குடியுரிமை ஒருநாளும் இருந்ததில்லை. இல்லாததை எப்படி ஐயா உதறுவது?

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதுகிறேன். காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. இந்தியாவோடு சேருவதா என்று புதுச்சேரி பக்கத்துக் கீழூரில் 1954 அக்டோபர் 18-ல் வாக்கெடுப்பு நடந்து, நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. இந்தியாவும் பிரான்ஸும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1956 மே 28-ல். அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். அன்றைக்கு இங்கே குடியிருந்தவர்கள் தாமாகவே இந்தியர் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இங்கே பிறந்து, பிரான்ஸ் போன்ற வெளிநாட்டில் குடியிருந்தவர்களுக்கு இதற்கு நேர்மாறான விதி. அவர்கள் பிரெஞ்சுக்காரர்களாகவே தொடர்வார்கள், இந்தியர் ஆக வேண்டும் என்றால்தான் ஆறு மாதத்துக்குள் எழுதித் தர வேண்டும். பெரியப்பா பிறந்தபோதே பிரெஞ்சுப் பிரஜை. 1962-லும் அப்படியே இருந்தார். அவர் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டு இந்தியாவை மறுக்கவில்லை.

"அப்படியானால் இந்தியா வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கலாமே" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அப்போது அவருக்கு மனைவியும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் துலோனில் இருந்தார்கள். கண்ணிவெடியில் அடிபட்ட காலோடு கப்பல்தளத்தில் காவலாளி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா சைகோனைச் சேர்ந்தவர், தமிழ் தெரியாது. அவரைக் கூட்டிக்கொண்டு நெடுங்காட்டுக்கு வந்தால் யார் வீட்டில் இறங்கியிருப்பார்? எங்கள் குடும்பத்திலேயே அந்த அம்மாளை வாசல்படி ஏற்றமாட்டோம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஊர் கதவைச் சாத்தியது, அவர் வெளியே நின்றுவிட்டார். அதைப் போய் உதறிவிட்டார் என்று எழுதுவது நியாயமா?

பணத்துக்காகப் போனார் என்பது மட்டும் உண்மை. வேறு எதற்குப் போவார்? தாத்தாவுக்குச் சொந்த நிலம் கிடையாது, குத்தகை விளைச்சலில் வீட்டுக்கு வருவது வாய்க்கும் வயிற்றுக்குமே பற்றாது. ஒரு வாய்க்காலைத் தாண்டினால் தஞ்சாவூர் ஜில்லா. அங்கே 1952-ல் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது சென்னை ராஜ்ஜியத்துச் சட்டம், பிரெஞ்சு எல்லைக்குள் செல்லாது. அதே வருஷம் நவம்பர் 30-ல் நாகப்பட்டினத்தில் கரையேறிய புயல் எங்கள் கூரையையும் சேர்த்துக் கொண்டுபோனது. திரும்ப வீடு எழுந்தது சைகோனிலிருந்து வந்த பணத்தில்தான். இரண்டு அத்தைகளின் கல்யாணமும் என் பள்ளிக்கூடச் செலவும் அந்தப் பணத்தில் நடந்தவை. நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் என்று எந்தக் கொம்யூனுக்கு (இங்கே பஞ்சாயத்துப் பிரிவுக்கு அதுதான் பெயர்) வேண்டுமானாலும் உங்கள் நிருபரை அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள், இதே கதையைச் சொல்லும் குடும்பம் கிடைக்கும்.

அந்தப் போர் நியாயமான போர் என்று நான் வாதாடவில்லை. வியட்நாம் மக்கள் தங்கள் மண்ணுக்காகப் போராடினார்கள். பெரியப்பாவும் அதைத்தான் சொல்வார். ஹனோயைச் சுற்றிச் செவ்வாற்று டெல்டாவில் அவருக்குக் காவல் வேலை. "நம்ம ஊர் மாதிரியே வயல்டா. நாற்றங்கால், நடவு எல்லாம் இதே மாதிரிதான். அந்த வரப்புல துப்பாக்கியோட நடக்குறப்ப நாற்றைப் பார்த்துத்தான் கால் வைப்பேன்" என்பார். தியன் பியன் பூ என்ற பிரெஞ்சு ராணுவத் தளம் 1954 மே 7-ல் விழுந்தபோது அவர் ஹனோயில் ராணுவ மருத்துவமனையில் இருந்தார். ஜூலையில் போரை நிறுத்த ஜெனீவா ஒப்பந்தம் ஆனது. காயம்பட்ட காலோடு கப்பல் ஏற்றி பிரான்ஸுக்கு அனுப்பினார்கள். நவம்பரில் காரைக்காலில் கொடி மாறியதைப் படுக்கையில் இருந்தபடி பத்திரிகையில் படித்தாராம். வீடு எந்த நாட்டில் இருக்கிறது என்பதையே ஒருவர் பத்திரிகை பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த மனிதரைப் பற்றித்தான் உங்கள் கட்டுரை அப்படி எழுதுகிறது.

அவருடைய அம்மா, என் அப்பாயி, இறந்தபோது தந்தி கொடுத்தோம். கப்பல் பிடித்து வந்து சேருவதற்குள் கருமாதியே முடிந்துவிடும் என்பதால் அவர் வரவில்லை. அப்புறம் 1971-ல் ஒருமுறை வந்தார். தாத்தா காலத்து மனையில் அவருடைய பங்குக்காக ஓர் அரசு அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்தவர் எழுந்து கும்பிட்டு, "துரை வந்துட்டாரு, நாற்காலி போடுங்கய்யா" என்று எல்லோரும் சிரிக்கும்படி சொன்னார். பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. பங்கே வேண்டாம் என்று என் அப்பா பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மறுபடி வரவே இல்லை.

நான் கொம்யூன் பஞ்சாயத்தில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பதிவேட்டிலிருந்து நகல் கேட்டு வந்தவர்களை வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறேன். 1962-ல் எழுதிக் கொடுத்த அண்ணனின் பேரன் பாரிஸிலிருந்து வருவான். எழுதிக் கொடுக்காத தம்பியின் பேரன் வயலிலிருந்து சேற்றுக் காலோடு வருவான். இரண்டு பேருக்கும் ஒரே பாட்டனின் பெயரைத்தான் தேடித் தருவேன். யார் உயர்த்தி, யார் துரோகி என்று அந்தப் பதிவேட்டில் எழுதியிருக்காது. உங்கள் கட்டுரையாளர் அங்கே போய் ஒருநாள் உட்கார்ந்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார்.

ஆனால் உங்கள் பத்திரிகைக்குக் காரைக்கால் என்றாலே எப்போதும் ஓர் அலட்சியம். நீண்டகால வாசகன் என்ற உரிமையில் சொல்கிறேன். மாங்கனித் திருவிழாச் செய்தியில் "நாகை மாவட்டம், காரைக்கால்" என்று போடுகிறீர்கள். புதுச்சேரிக் கடற்கரையின் படத்தைப் போட்டுக் காரைக்கால் என்கிறீர்கள், இரண்டுக்கும் நடுவே 130 கிலோமீட்டருக்கு மேல் தூரம். மேட்டூர் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்று நாகை, திருவாரூர், மயிலாடுதுறை எல்லாம் எழுதுவீர்கள், எங்கள் வாய்க்கால்களை மட்டும் விட்டுவிடுவீர்கள். காவிரித் தீர்ப்பில் புதுச்சேரிக்கு ஒதுக்கிய 7 டி.எம்.சி. காரைக்கால் வயலுக்குத்தான். அந்தத் தண்ணீர் முறையாக வந்ததா என்று உங்கள் பக்கங்களில் நான் தேடிப் பார்த்ததெல்லாம் வீண்தான். நவம்பர் 1 விடுதலை நாள் சிறப்பிதழில் அரசியல்வாதிகளின் பேட்டி வரும், படமும் வரும். ஒரு சொல்தாவின் விதவையிடம் இதுவரை யாராவது போய்ப் பேசியிருக்கிறீர்களா? இதையெல்லாம் முன்பே எழுதி அனுப்பினேன். பாதியை வெட்டிவிட்டு, பாராட்டிய பாதியை மட்டும் போட்டீர்கள்.

கட்டுரையோடு வந்த படத்துக்கும் வருகிறேன். அது எங்கள் வீட்டுப் படம், உங்கள் நிருபர் கேட்டு வாங்கிப் போனது. பிரான்ஸில் உள்ள ஃப்ரெஜூஸ் ராணுவ முகாமில் பெரியப்பாவும் மூன்று தோழர்களும் நிற்கிறார்கள். அதன் கீழே "பிரெஞ்சுக் கடற்படை வீரர்கள்" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். தொப்பியில் நங்கூரச் சின்னம் இருப்பதைப் பார்த்து முடிவு செய்திருப்பீர்கள். அந்தப் படை முன்பு கடற்படை அமைச்சகத்தின் கீழ் இருந்து 1900-ல் தரைப்படைக்கு மாற்றப்பட்டது, அதனால் காலாட்படைக்கும் நங்கூரம்தான் சின்னம். அவர்கள் நடந்தே போர் செய்தவர்கள் ஐயா. என்னிடம் ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே. நிருபரிடம் நம்பர் இருந்தது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கட்டுரை வந்த அதே ஞாயிறு இணைப்பில், அதே அளவு எழுத்தில், குடியுரிமை பற்றிய அந்த வரி தவறு என்று ஒரு திருத்தம் போடுங்கள். படக் குறிப்பையும் திருத்துங்கள். இந்தக் கடிதத்தைப் போடுவதாக இருந்தால் முழுதாகப் போடுங்கள், முடியாது என்றால் போடவே வேண்டாம். அப்புறம், அந்தப் படம் இன்னும் எங்களுக்குத் திரும்பி வரவில்லை. அதற்கு வேறு பிரதி கிடையாது. பின்பக்கத்தில் நான்கு பேரின் பெயரும் ஊரும் பெரியப்பாவின் கையெழுத்தில் இருக்கின்றன, அதன்மேல் உங்கள் அலுவலக முத்திரை எதையும் குத்திவிடாதீர்கள். தபாலிலும் அனுப்ப வேண்டாம். எடுத்து வைத்துவிட்டுத் தகவல் சொன்னால், என் மகனை அனுப்பி நேரில் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுங்காடு வாசகர் ஒருவர்
காரைக்கால்