ஒரு தடவை காதில் வைத்துப் பார்க்க விடுங்கள், அண்ணாச்சி

செங்கோட்டை, பிரானூர், புளியரை பக்கத்துச் செல்போன் கடை அண்ணாச்சிமாருக்கும், கவுண்டரில் நிற்கிற தம்பிமாருக்கும் வணக்கம்.

போன மாதம் உங்களில் ஒருவருடைய கடைக்கு வந்தேன். எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. அன்றைக்கு அந்தக் கடையில் நடந்தது உங்கள் எல்லாக் கடையிலும் நடப்பதுதான். வயர் வைத்த இயர்போன் ஒன்று கேட்டேன்.

"நூத்தம்பதுல இருந்து இருக்குக்கா. எது வேணும்?"

"எதுல பேச்சு தெளிவா கேக்கும்?"

"எல்லாத்துலயும் கேக்கும். இது எடுங்க, செம பேஸ், சும்மா தொம்மு தொம்முன்னு இருக்கும். காது கிழிஞ்சிரும்."

"ஒரு தடவை போட்டுப் பாத்துக்கிடட்டுமா தம்பி?"

"பாக்கெட்டப் பிரிச்சா எடுத்துக்கிடணும்க்கா."

350 ரூபாய் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. எதிரே மலைப்பக்கத்துப் பலாப்பழத்தைக் குவித்து வைத்திருந்தார்கள். ஓர் அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரலை மடக்கி ஒவ்வொரு பழமாகத் தட்டித் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏழெட்டுப் பழம் தட்டியிருப்பார். பழக்காரர் வெற்றிலையை மென்றுகொண்டு பேசாமல் இருந்தார். தேங்காயைத் தட்டிப் பார்க்கிறோம், மண்பானையைச் சுண்டிப் பார்க்கிறோம். தின்கிற பண்டத்தைக்கூடச் சத்தம் கேட்டு வாங்குகிற ஊரில், சத்தத்துக்கென்றே காசு கொடுக்கிற பொருளை மட்டும் ஊமையாக வாங்கிக்கொண்டு போகிறோம். அதுதான் இந்த மடலுக்குக் காரணம்.

எனக்கு இது பாட்டு கேட்கிற ஆசை மட்டுமல்ல, பிழைப்பு. பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு எழுத்தில் இறக்குவது என் வேலை. தமிழும் வரும், மலையாளமும் வரும், இரண்டும் கலந்த நம் பக்கத்துப் பேச்சும் வரும். வீட்டுக்குப் பின்னால் மர அறுவை மில். அந்த ரம்பச் சத்தத்துக்கு நடுவே ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் வயர் காதிலேயே கிடக்கும். புளூடூத் வாங்கிக்கொள்ளேன் என்பார்கள். பதிவை நிறுத்தி ஓட்டக் காலடியில் ஒரு மிதி வைத்திருக்கிறேன். புளூடூத்தில் அந்த மிதியை அழுத்தினதும் பேச்சு நிற்காது, கொஞ்சம் பிந்தும், மத்தியானத்தில் சார்ஜும் போய்விடும்.

அந்த 350 ரூபாயைக் காதில் மாட்டி முதல் பதிவைத் திறந்தேன். காற்றில் தோட்டம் சாய்ந்துபோன ஒரு விவசாயியின் பேச்சு. "அம்புட்டு வாளையும் போச்சு" என்று எழுதி அனுப்பிவிட்டேன். தோட்டத்தில் ஏது வாளை மீன் என்று மறுநாள் திரும்பி வந்தது. மலையாளக் காற்று பட்ட நம் பக்கத்து நாக்கு அவ்வளவு லேசில் ழகரத்தை விடாது. அவர் வாழை என்றுதான் சொன்னார். ழகரத்தைத் தின்றது இயர்போன்.

எப்படித் தின்றது என்பதைக் கொஞ்சம் சொல்ல விடுங்கள், ஏனென்றால் நீங்கள் வாய்நிறையச் சொல்லி விற்கிற 'செம பேஸ்', அதாவது அந்தக் கனத்த கீழோசைதான், அதற்குக் காரணம். பேச்சின் தெளிவு பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை அதிர்வு) வரை உள்ள நடுப்பகுதியில் இருக்கிறது. ல, ள, ழ வித்தியாசம் அங்கேதான் பிடிபடும். சகரமும் ஸகரமும் அதற்கும் மேலே. கீழே 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஓசையை அளவுக்கு மீறி ஏற்றிவிட்டால், அது தன் இடத்தோடு நிற்காது. மேலே இருக்கிற மெல்லிய ஓசைகளையும் மூடிவிடும். நம் காதின் அமைப்பு அப்படி, கனத்த ஓசை மேலே உள்ளதை அமுக்குகிற அளவுக்கு மேலோசை கீழே உள்ளதை அமுக்காது. நம் கோயில் கொடையில் தவில் கேட்டிருப்பீர்கள். வலது முகமான வலந்தலையில் கூடு மாட்டிய விரல் விழும்போது சுள்ளென்று ஒரு வெட்டு, இடது முகமான தொப்பியில் கழி விழும்போது தொம்மென்று ஒரு குமுறல். அன்று வாங்கியதில் தவில் போட்டுக் கேட்டேன். தொப்பி மட்டும் வீடு முழுக்க நடந்தது. வலந்தலையைத் தேட வேண்டியிருந்தது. நாகஸ்வரம் அடுத்த தெருவில் எங்கோ.

செண்டை மேளம் இன்னும் நல்ல பரிசோதனை. கேரள எல்லைக்கு இரண்டு பக்கமும் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம். கூட்டமாக மேளம் ஏறும்போது இலத்தாளம் என்கிற கைத்தாளம் தனியாகத் தகதகவென்று பிரிந்து தெரிகிறதா, கொம்பின் கரகரப்பு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் நல்ல இயர்போன். எல்லாம் சேர்ந்து தகரக் கொட்டகையில் மழை பெய்தது போல ஆகிவிட்டால், அதை எடுத்துக்கொண்டு போகிறவர் ஏமாந்தார்.

இன்னொன்றும் கவனித்தேன். எப்போதாவது நீங்கள் மனமிரங்கி உங்கள் போனில் மாட்டிக் காட்டினால், சத்தத்தை முழுக்க ஏற்றித்தான் காட்டுகிறீர்கள். சத்தம் ஏற ஏற நம் காதுக்குக் கனமும் கூர்மையும் கூடுதலாகத் தெரியும். பெல் ஆய்வுக்கூடத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் இதை 1933-லேயே அளந்து வெளியிட்டுவிட்டார்கள். இரண்டு இயர்போனில் எது கொஞ்சம் கூடச் சத்தமாக ஓடுகிறதோ அதையே நல்லது என்று காது சொல்லிவிடும். அதனால் குறைத்து வைத்துக் கேட்பதுதான் நியாயம். மெதுவாக வைத்தும் பாடுகிறவரின் மூச்சு கேட்கிறதா? குரல் நெற்றிக்கு நடுவே நிற்கிறதா, இல்லை ஒரு காதுப் பக்கமாகச் சாய்கிறதா? சாய்ந்தால் இரண்டு பக்கத்து டிரைவரும், அதாவது உள்ளே சத்தம் எழுப்புகிற சின்ன ஸ்பீக்கரும், ஒத்த ஜோடி இல்லை என்று அர்த்தம். விலை குறைந்த சரக்கில் நான் அதிகம் பார்த்த குறை இதுதான். பாக்கெட்டுக்கு மேலிருந்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

பாக்கெட்டில் என்னதான் இருக்கிறது? '20–20,000 ஹெர்ட்ஸ்' என்று எல்லாவற்றிலும் இருக்கிறது. அந்த எல்லைக்குள் எத்தனை டெசிபல் ஏறி இறங்குகிறது என்று போடாதவரை அந்த எண்ணுக்கு ஒரு மதிப்பும் இல்லை. பஸ் செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை போகும் என்று சொன்னால் ரோடு எப்படி என்று தெரிந்துவிடுமா? '10 மிமீ டிரைவர்' என்பதும் அப்படித்தான், பாத்திரத்தின் அளவை வைத்துக் குழம்பின் ருசியைச் சொல்கிற கதை. 16 ஓம், 32 ஓம் என்று போடுகிற மின்தடைக் கணக்கில் கொஞ்சம் விஷயம் உண்டு, ஆனால் இந்த விலையில் வருகிற எதையும் சாதாரண போனே இழுத்துவிடும்.

விலை கூடினால் சத்தமும் நன்றாக இருக்கும் என்றும் நான் சொல்ல வரவில்லை. ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆராய்ச்சியாளர் 283 ஹெட்போன்களின் அளவுகளை எடுத்து 2017-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஓசை வருகிறது என்பதற்கும் கடை விலைக்கும் தொடர்பே இல்லை என்பதுதான் அவர் கண்டது. சீனத்துக் கேஇசட், மூன்டிராப் போன்ற கம்பெனிகளின் சிறிய இயர்போன்கள் சுமார் 20 டாலருக்குள் வந்து, பெரிய பெயர்களுக்குப் பக்கத்தில் கூச்சமில்லாமல் உட்காருகின்றன. நம் கணக்கில் ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம். அவற்றை நான் தபாலில்தான் வாங்க வேண்டியிருக்கிறது. உங்கள் கண்ணாடிப் பெட்டியில் 150, 350, அடுத்து நேராக மூவாயிரம் ரூபாய் புளூடூத். நடுவில் ஒன்றும் இல்லை.

150 ரூபாய்ச் சரக்கை நான் இளக்காரமாகப் பேசவில்லை. எங்கள் அப்பா வயலுக்குப் போகும்போது போனில் ரேடியோ கேட்பார். அதற்கு இந்த வயர்தான் ஏரியல், புளூடூத்தைக் கொடுத்தால் ரேடியோவே எடுக்காது. அவருக்கு அது போதும். ஆனால் எனக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை "ஒரு பக்கம் கேக்கல". வருஷத்துக்கு ஆறு என்று போட்டாலும் 900 ரூபாய். வயர் தனியாகக் கழற்றி மாட்டுகிற மாதிரி வாங்கினால், போவது வயர் மட்டும்தான், அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

வயர் எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். ஜாக்கின் கழுத்தில், அல்லது இரண்டாகப் பிரிகிற முடிச்சில். ஒரு தடவை பற்றவைக்கக் கொடுத்தேன். உள்ளே முடி கனத்தில் செம்பு இழைகள், சிவப்பு, பச்சை, தங்க நிறம், நடுவே நைலான் நூல். இழைக்கு மேலே பூசியிருக்கிற வார்னிஷை பற்றவைக்கிற கோலின் சூட்டில் எரித்தால்தான் ஈயம் ஒட்டும். தம்பி பொறுமையாகத்தான் செய்தான். வாங்கி மாட்டினால் இரண்டு பக்கமும் கேட்டது, ஆனால் பேஸ் காணாமல் போயிருந்தது, குரல் நடுவில் இல்லாமல் தலைக்கு வெளியே எங்கோ பரவிக் கிடந்தது. அரைநாள் குழம்பிவிட்டு ஒரு பக்கத்தை மட்டும் பிடுங்கிக் கேட்டேன். அது தனியாக நன்றாக இருந்தது. ஒரு பக்கத்து இழைகளை முன்னுக்குப் பின் மாற்றிப் பற்றவைத்துவிட்டான், அவ்வளவுதான். ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்தால் குரல் நடுவில் நிற்காது, கனத்த ஓசையும் மெலிந்துபோனது போலக் கேட்கும். மாற்றிப் பற்றவைத்ததும் சரியாகிவிட்டது. ஒரு பாட்டைப் போட்டுக் காட்டிவிட்டுக் கொடுத்திருந்தால் எனக்கு அரைநாள் மிச்சம்.

அதே மாதிரி, "பேஸே இல்ல" என்று திரும்பி வருகிறவர்களில் பலருக்குக் காதுக்குள் போகிற ரப்பர்தான் பொருந்தாமல் இருக்கும். பெட்டிக்குள் மூன்று அளவு ரப்பர் இருக்கிறது, யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. காதில் இடைவெளி இருந்தால் கனம் ஒழுகிவிடும், வெளிச்சத்தமும் உள்ளே வரும், உடனே வால்யூமை ஏற்றுவார்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். என் வேலை கிட்டத்தட்ட அதே 40 மணி நேரம்தான். சரியான ரப்பர் போட்டதும் அறுவை மில் பாதியாகக் குறைந்தது, வால்யூமும் தானாக இறங்கியது.

போனின் டைப்-சி துளையில் வயர் இயர்போனை மாட்ட உதவுகிற மாற்றியை விற்கிறவர்களுக்கு ஒரு வரி: உள்ளே சிப் இல்லாத மாற்றி சில போனில் மட்டும்தான் பேசும். போனை வாங்கி மாட்டிப் பார்க்காமல் கொடுக்காதீர்கள்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். ஒருத்தர் காதில் வைத்ததை இன்னொருத்தர் வாங்க மாட்டார். பிரித்த பாக்கெட்டை மொத்த வியாபாரி திருப்பி எடுக்க மாட்டார். சீசன் நேரத்தில் குற்றாலம் போகிற வண்டிக்காரர்கள் நிறுத்தி, "சேட்டா, ஒரு இயர்போன்" என்று அவசரப்படுத்தும்போது யாருக்குத் தவில் போட்டுக் காட்டுவது? அதனால் எல்லாவற்றையும் பிரித்து வைக்கச் சொல்லவில்லை. விற்கிற ரகத்தில் ஒவ்வொன்று, ஒன்றே ஒன்று, கவுண்டரில் தொங்கட்டும். கழற்றி மாற்ற நாலு ஜோடி ரப்பர், துடைக்க ஸ்பிரிட்டும் பஞ்சும். 'பேஸ் வேண்டாம், பேச்சு வேணும்' என்று கேட்கிற ஆளைப் பார்த்து மட்டும் சிரிக்காமல் இருந்தால் போதும்.

வருகிற சனிக்கிழமை சாயங்காலம் நான் அந்த 350 ரூபாய்க் கடைக்கு வருகிறேன். என்னிடம் நன்றாக இருக்கிற இயர்போன் மூன்று சும்மா கிடக்கிறது, தொங்கவிட அதைக் கொண்டுவருகிறேன். ரப்பர் மட்டும் நீங்கள் வாங்கி வையுங்கள், அண்ணாச்சி. சின்ன அளவு கட்டாயம் வேண்டும், எனக்கு அதுதான் பொருந்துகிறது.

இப்படிக்கு,
பிரானூர் அறுவை மில்லுக்குப் பின்வீட்டுக்காரி