ஊறுகாய் எண்ணெய் படிந்த புத்தகம்

பினாங்கு,
ஞாயிறு இரவு.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். வெயில் நம் ஊர்ச் சித்திரை மாதம் போல அடிக்கிறது. ஆனால் வேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் முதலில் சொல்லிவிடுங்கள். தினமும் போனில் பேசும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் எதைத் தொடங்கினாலும் சம்பளம் வந்ததா, இருமல் நின்றதா என்று போய்விடுகிறது. இதை நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ நாவலைப் படித்துவிட்டேன் அப்பா. இரண்டு முறை.

தமுக்கம் புத்தகத் திருவிழாவில் நீங்கள் அதை வாங்கித் தந்தபோது நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். இருபது பக்கம் தாண்டவில்லை. மேடான் இந்தோனேசியாவில், சுமத்ராவில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. கெர்க் ஸ்ட்ராட் என்பது தெருவின் பெயரா, ஆளின் பெயரா என்றும் புரியவில்லை. ஜப்பான் படை ஊருக்குள் வருகிறது, யார் யாரோ பேசுகிறார்கள், திடீரென்று கதை வேறெங்கோ போய்விடுகிறது. “வாசகருக்கு எதையுமே விளக்காமல் எழுதியிருக்கிறார்” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். நீங்கள் மறுத்துப் பேசவில்லை. வாங்கி அலமாரியில் வைத்துவிட்டீர்கள்.

ஊரிலிருந்து புறப்பட்ட அன்று பெட்டி முப்பது கிலோவைத் தாண்டியது. நான் முதலில் எடுத்து வெளியே வைத்தது அந்தப் புத்தகத்தைத்தான். இங்கே வந்து பெட்டியைத் திறந்தால், நார்த்தங்காய் ஊறுகாய்ப் பாட்டிலுக்கும் பருப்புப் பொடிக்கும் நடுவே அது இருந்தது. எண்ணெய் கசிந்து அட்டை முழுக்கப் படிந்திருந்தது. துடைத்து மேசையில் வைத்தேன். பதினான்கு மாதம் அதன் மேல் மின்விசிறி நின்றது. இப்போது நினைத்தால் மனம் கூசுகிறது.

சீனப் புத்தாண்டுக்குத் தொழிற்சாலை ஒரு வாரம் மூடியிருந்தது. உடன் தங்கியிருக்கும் பெண்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். கடைகளும் பாதிக்கு மேல் அடைப்பு. பேச ஆளில்லாத மூன்றாம் நாள் புத்தகத்தைக் கையில் எடுத்தேன். எண்ணெயில் ஒட்டிக்கொண்டிருந்த பக்கங்கள் தாமாகவே ஓரிடத்தில் பிரிந்தன. அது தொங்கான் புயலில் மாட்டிக்கொள்ளும் இடம்.

தொங்கான் என்றால் என்ன என்று மதுரையில் எனக்குத் தெரியாது. இங்கே எங்கள் வீட்டுக்காரப் பாட்டி, கப்பல் சரக்கைக் கரைக்குக் கொண்டுவந்த தொங்கான்களைப் பற்றித் தன் அப்பா சொன்ன கதைகளைச் சொல்லிக்கொண்டே இருப்பார். சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து பினாங்குக்கு வருகிற அந்தச் சரக்குத் தோணியில் கதைநாயகன் பாண்டியன் இருக்கிறான். கடல் கொந்தளிக்கும்போது வாக்கியங்களும் கொந்தளிக்கின்றன. ஒரு சொல் முடிவதற்குள் அடுத்தது வந்து மோதுகிறது. படித்து முடிக்கையில் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தமிழில் கடலை இப்படி எழுத முடியும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே என்று நினைத்தேன். நீங்கள் சொன்னீர்கள், நான்தான் கேட்கவில்லை.

பிறகு முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். பத்தொன்பது வயதில் எதைக் குறை என்று சொன்னேனோ, அந்த இடங்கள்தான் இப்போது என்னைப் பிடித்து நிறுத்தின. பாண்டியன் அந்நிய நகரத்தில் நடந்துகொண்டிருப்பான். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் தன் சொந்த ஊரான சின்னமங்கலத்துச் சந்தைக்குள் போய்விடுவான், மதுரைத் தெருக்களில் அலைவான். பிறகு அதே வேகத்தில் திரும்பி வந்துவிடுவான். அப்பா, இங்கே என் நாளும் அப்படித்தான் நகர்கிறது. பாயான் லெப்பாஸில் பஸ்ஸுக்கு நிற்கும்போது யாரோ தலையில் மல்லிகை வைத்துக்கொண்டு கடந்து போனால், அடுத்த கணம் நான் புது மண்டபத்தருகே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பஸ் வந்ததும் மீண்டும் பினாங்கு. இதை யாருக்கு, எப்படி விளக்குவது? அவர் விளக்காமல் எழுதியதுதான் சரி.

சிங்காரம் பதினெட்டு வயதில் போனவர் அல்லவா? 1920இல் சிங்கம்புணரியில் பிறந்து, 1938இல் மேடானுக்கு வேலைக்குப் போய், போர்க்காலத்தை அந்தப் பக்கம் இருந்து பார்த்துவிட்டு 1946இல் திரும்பியிருக்கிறார். எழுதியது இரண்டே நாவல். இதை அச்சில் கொண்டுவரப் பல ஆண்டுகள் காத்திருந்து, 1972இல்தான் புத்தகமாகியிருக்கிறது. பிறகும் பேசுவாரில்லை. 1997இல் அவர் மறைகிறவரை நம் மதுரையில்தான் இருந்தார் என்பதை நினைக்கும்போது வேதனையாக இருக்கிறது. இருபது பக்கத்தில் மூடிவைத்தவர்களில் நானும் ஒருத்தி.

விடுமுறை முடிவதற்குள் ஜார்ஜ்டவுன் முழுக்கப் புத்தகத்தோடு நடந்தேன். லெபோ பினாங்கில் செட்டியார்களின் பழைய கிட்டங்கிகள் சில இன்னும் நிற்கின்றன. நீளமான கூடம். ஒரே கூரையின் கீழ் பல வட்டிக்கடைகள், கடைக்கு ஒரு பெட்டியடி, அதாவது கணக்குப்பெட்டி வைத்து உட்காரும் இடம். மேலாள், அடுத்தாள், பையன் என்று பிள்ளைகள் ஊரிலிருந்து வந்து அந்தத் தரையிலேயே உட்கார்ந்து கணக்கெழுதி, அங்கேயே படுத்து எழுந்திருக்கிறார்கள். வாசலில் நின்று உள்ளே பார்த்தேன். இருட்டும் பழைய மரவாசனையும்தான் இருந்தன. ஆனால் நாவலைப் படித்தவளுக்கு அந்தக் கூடத்தில் ஆட்கள் இருந்தார்கள். பாண்டியனும் அவன் நண்பன் மாணிக்கமும் குடித்துவிட்டுத் தமிழ்ப் பெருமையைப் போட்டு உலுக்குகிற பேச்சு இருக்கிறதே, அதைக் காதால் கேட்பது போலவே இருந்தது. நீங்கள் வகுப்பில் பாடம் நடத்திய இலக்கியத்தை அவர்கள் அப்படி இழுத்துவைத்துப் பேசுவதைப் படித்தபோது உங்கள் முகம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள ஆசை. எனக்கு முதலில் கோபம் வந்தது. இரண்டாம் முறை, அவ்வளவு அன்பு இல்லாதவனால் அப்படித் திட்ட முடியாது என்று பட்டது.

அன்று மாலை பத்து பெரிங்கி கடற்கரைக்குப் போனேன். சூரியன் இறங்குகிற திசையில், கண்ணுக்கு எட்டாத தூரத்தில் சுமத்ரா. பாண்டியன் ஊர் திரும்பாமலே போனது அந்தக் கரையில். இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஒன்று கேட்க வேண்டும். சின்னமங்கலம் வருகிற பக்கங்களில் ஓரமாகப் பென்சில் கோடு இருக்கிறது. மெல்லிய கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டது. உங்கள் கோடுதான். நான் திருப்பிக் கொடுத்தபோது அது இல்லை. பிறகு எப்போதோ நீங்கள் மறுபடியும் படித்திருக்கிறீர்கள். எனக்கு விசா வந்த பிறகா? அந்த வாரம் இரவுகளில் முன்னறையில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. விடைத்தாள் திருத்துகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன். போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். பதிலும் எழுத்தில் வேண்டும்.

பக்கத்து வீட்டு அண்ணன் சித்திரைத் திருவிழா முடிந்து இங்கே திரும்புகிறார். அவரிடம் ‘கடலுக்கு அப்பால்’ கொடுத்தனுப்புங்கள். 1959இல் வந்த சிங்காரத்தின் முதல் நாவல், நம் அலமாரியில் இரண்டாம் தட்டில் பார்த்த நினைவு. ஊறுகாயோடு வைக்க வேண்டாம், தனியாகச் சுற்றிக் கொடுங்கள். அதற்கு முன் நீங்கள் ஒரு முறை படித்து, கோடு போட்டு அனுப்புங்கள் அப்பா.

உங்கள் அன்பு மகள்,
வளர்மதி